புகை குடித்த தொட்டி

அத்தியாயம் 17

ரெசியானியைக் கடைசியாக நாம் பார்த்தபோது ஊரே பூதப் பொம்மைகளைத் தோளில் சுமந்துகொண்டு நாற்சந்தியில் கத்திக்கொண்டிருந்தது. அவள் மட்டும் ஒரு பழைய பஞ்சு மெத்தையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு மீன் கொட்டகைக்குள் போனாள்.

காரணம் எளிது. மறுநாள் நியெபி, பாலித் தீவு முழுக்க அடங்கிக் கிடக்கும் மௌன நாள். தீ மூட்டக்கூடாது, வேலை செய்யக்கூடாது, வாசலைத் தாண்டக்கூடாது, சத்தம் வரக்கூடாது. ஆனால் தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் நின்றால் உள்ளே இருக்கும் குஞ்சுகள் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஊர்த் தலைவர் ஒரே ஒரு நிபந்தனையோடு அனுமதி கொடுத்திருந்தார்: மதிலுக்கு வெளியே மோட்டார் சத்தம் கேட்கக்கூடாது. எப்போதும் கொட்டகைக்கு வெளியே கடல் காற்றில் நிற்கும் மோட்டாரை அவள் உள்ளே தூக்கி வைத்து மெத்தையால் மூடினாள். சத்தம் 'உர்ர்' என்று அடங்கியது. தன் சாமர்த்தியத்தை நினைத்து லேசாகச் சிரித்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்புக்குக் காலையில் பதில் கிடைத்தது.

தொட்டியின் மேல் பாலாடை மாதிரி ஒன்று படிந்திருந்தது. சாம்பல் நிறம். விரலை வைத்தாள், வழுக்கியது. முகர்ந்தாள். எரிந்த தென்னை ஓலை.

குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சில அந்த ஆடையில் ஒட்டிக்கொண்டு எழ முடியாமல் பக்கவாட்டில் கிடந்தன. அடியில், உடைந்த கண்ணாடி தூவியது போல, செத்தவை.

அவள் அழவில்லை. அழுவதற்கு நேரமில்லை.

கோமாளி மீனைத் தொட்டியில் வளர்ப்பது இந்தக் கரையில் பெரிய விஷயமில்லை. கோழி வளர்க்கிற வீட்டில் அதுவும் வளரும். இது வேறு. கருநீல உடம்பில் 6 என்ற எண்ணை எழுதியது போல் கறுப்புக் கோடு ஓடும் மீன். இங்கே எல்லோருக்கும் அது 'லெட்டர் சிக்ஸ்'. அதன் குஞ்சு வாரக்கணக்கில் நிறமே இல்லாமல், நீருக்கும் தனக்கும் வித்தியாசம் தெரியாமல் மிதக்கும். கண்ணுக்குத் தெரியாத உயிருள்ள இரையைத்தான் தின்னும். அந்தக் கட்டத்தைத் தாண்டினால் ஒரு நாள் திடீரென்று நீலமாகும். அந்த நீலத்தை இந்த ஊர்த் தொட்டி எதுவும் இன்னும் பார்த்ததில்லை. இரண்டு முறை முயன்றாள். இரண்டு முறையும் செத்தன.

இது மூன்றாவது. இதுதான் கடைசி என்று அண்ணன் சுவார்திகா சொல்லிவிட்டான். இந்த முறையும் நீலம் வராவிட்டால் தொட்டிகளை உடைத்துவிட்டுக் கொட்டகையில் தன் புதுப் படகையும், முக்குளிக்கும்போது மூச்சுக்குக் காற்று அனுப்பும் அமுக்கக் காற்று இயந்திரத்தையும் வைக்கப் போகிறான். நிலம் அவன் பெயரில். புருஷனை விட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவளுக்கு நிலத்தில் பேச்சு கிடையாது.

டென்பசார் நகரத்திலிருந்து ஏற்றுமதிக்காரர் பண்டிகை முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கடலில் பிடித்ததை இனிமேல் வெளிநாட்டில் கேட்க மாட்டார்கள், தொட்டியில் பிறந்ததுக்குத்தான் காலம் என்பது அவர் கட்சி. ஆனால் போட்டோவை நம்ப மாட்டார். நீலத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ரெசியானி பழைய செய்தித்தாள்களை எடுத்துத் தொட்டியின் மேல் ஒவ்வொன்றாக விரித்தாள். தாள் ஆடையை உறிஞ்சியதும் ஓரத்தைப் பிடித்து மெல்லத் தூக்கினாள். அம்மா சந்தாத் சத்தமில்லாமல் வந்து எதிர்ப்பக்கம் நின்று மறு முனையைப் பிடித்தாள்.

அம்மா பேச மாட்டாள். அப்பா இறந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு நியெபிக்கும் அவளுக்கு மௌன விரதம். சாப்பாடும் கிடையாது. அப்பா வாயில் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு ஆழத்தில் மீன் பிடித்தவர். ஒரு நாள் மெல்ல ஏறாமல் வேகமாக மேலே வந்தார், அது உடம்பை முறித்துவிட்டது. கரையில் கிடத்தியபோது கால்கள் அசையவில்லை. அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை.

"யாரும்மா கொட்டகைக்குள்ள தீவட்டி கொண்டு வந்தது?" ரெசியானி கிசுகிசுத்தாள்.

அம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஓலையைக் கொளுத்தி மூலை மூலையாகப் புகை காட்டுவார்கள். தகரத்தைத் தட்டுவார்கள். பூதங்கள் ஓடிவிடும். ஆனால் கொட்டகைக்குள் யாரும் வரக்கூடாது என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். யாரோ வந்திருக்கிறார்கள். மெத்தைக்கு அடியில் இருந்த மோட்டார் அந்தப் புகையை மூச்சு மூச்சாக இழுத்து இரவெல்லாம் தொட்டிக்குள் ஊதியிருக்கிறது. சேமிப்புத் தொட்டிக்கும் அதே குழாய்தான். அந்தத் தண்ணீரும் நாறியது.

யாராக இருக்கும் என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. இந்தக் குஞ்சுகள் சாவதால் யாருக்கு லாபம்?

மோட்டாரை வாசல் பக்கம் இழுத்து நல்ல காற்றுக்குத் திருப்பினாள். தாள்கள் ஆடையைத் தூக்கிவிட்டன. ஆனால் நாற்றம் தண்ணீருக்குள் இறங்கிவிட்டிருந்தது. புதுக் கடல் நீர் வேண்டும். கரையோரப் பம்பு ஊர்ப் பொது; பூட்டிச் சாவியைத் தலைவர் வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார்கள். கடல் பின் மதிலைத் தாண்டி, கூப்பிடு தூரத்தில் அலையடித்துக்கொண்டிருந்தது.

ரெசியானி இரண்டு பக்கெட்டுகளை எடுத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்தாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"நீ உன் விரதத்தைப் பாரும்மா. இது என் வேலை."

பின் கதவைத் திறந்துகொண்டு, பட்டப்பகலில், ஒருவரும் இல்லாத கரையில் இறங்கி நடந்தாள்.

ஒருவரும் இல்லை என்பது தவறு. வேப்ப மரத்தடியில் இரண்டு ஊர்க் காவலர்கள் நின்றார்கள். இடுப்பில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி. ஒருவன் அடுத்த தெரு ஜிர்னா. இன்னொருவன் சுவார்திகா.

"பக்கெட்டைக் கீழ வை." சுவார்திகாவும் கிசுகிசுத்துத்தான் சொன்னான். நியெபி அன்று காவலரும் கத்தக்கூடாது.

"தொட்டியில குஞ்சு செத்துட்டிருக்கு."

"அதையா கேட்டேன்? கீழ வைன்னேன்."

"நாலு தடவை மொண்டுட்டுப் போயிடறேன். கண்ணை மூடிக்கோ."

"கண்ணைத் திறந்து வைக்கத்தான்டி என்னை இங்க நிறுத்தியிருக்காங்க. மேல போற பூதம் உன்னைப் பாத்துச்சுன்னா இந்த ஊர்ல ஆள் இருக்குன்னு இறங்கிடும். வருஷம் பூரா ஊர்தான் படணும்."

"நேத்து அவ்வளவு கத்தி விரட்டினீங்களே, போகலையா அது? கட்டம் போட்ட துணி கட்டிக்கிட்டு மரத்தடியில நிக்குதே."

ஜிர்னா இருமுவது போல் சிரிப்பை மறைத்தான். சுவார்திகா அவனை முறைத்தான்.

"இந்த நாக்குதான் உன்னைப் புருஷன் வீட்டுலேர்ந்து திருப்பி அனுப்புச்சு."

"யாரும் அனுப்பலை. நானா வந்தேன். நடந்தே வந்தேன். இப்பவும் நடந்துதான் போகப் போறேன், தள்ளு."

அவன் தள்ளவில்லை. வலது முழங்காலை லேசாக மடக்கி நின்றான். போன மாதத்திலிருந்து அந்தக் காலை அவன் அப்படித்தான் வைத்து நிற்கிறான். ஆழத்திலிருந்து வந்த வலி. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அப்பாவுக்கும் முதலில் முழங்காலில்தான் ஆரம்பித்தது.

"போன நியெபிக்கு ஜிர்னாண்ணன் பொண்டாட்டிக்கு வலி வந்துச்சே, நீயேதானே வண்டியில ஏத்தி அனுப்பின? அன்னைக்குப் பூதம் லீவா?"

"அது பிரசவம்."

"இதுவும் அதுதான்."

"மீனுடி அது!"

"அப்ப பொம்மையா? உயிர் இல்லையா? அண்ணே, நீங்க சொல்லுங்க. உங்க பொண்ணு பொறக்கறதுக்கு ஊர் வழி விட்டுச்சா இல்லையா?"

ஜிர்னா காதைச் சொறிந்துகொண்டான். "விட்டுச்சும்மா. நியெபி அன்னைக்குப் பொறந்த புள்ள, அமைதியா இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. இப்ப தெருவே தூங்க முடியலை."

"நீ வாயை மூடறியா?" சுவார்திகா அவனிடம் சீறினான். பிறகு தங்கையிடம், "திரும்பிப் போ. ரெண்டு தடவை செத்துச்சு. இதுவும் சாகும்னா சாகும். கடல் நிறைய மீன் இருக்கு. இறங்கிப் பிடிக்கத் தெரிஞ்சவன் இந்த வீட்டுல இருக்கான்."

ரெசியானி பக்கெட்டுகளைக் கீழே வைத்தாள். கேட்டதற்காக இல்லை. இரண்டு கையும் காலியாக இருந்தால்தான் இதைச் சொல்ல முடியும் என்று அவளுக்குத் தோன்றியது.

"ரெண்டு தடவை அதுவா செத்துச்சு. இந்தத் தடவை நீ கொன்னே."

"என்ன?"

"நேத்துத் தீவட்டியோட கொட்டகைக்குள்ள போனது நீதான். மோட்டார் புகையை இழுக்கும்னு உனக்குத் தெரியும். நியெபியில என்னால ஒண்ணும் பண்ண முடியாதுன்னும் தெரியும். நல்ல நாளாப் பாத்து செஞ்சே. படகு வைக்க இடம் வேணும்னா என் முகத்தைப் பாத்துக் கேட்டிருக்கலாமே!"

கிசுகிசுப்பில் கோபத்தைச் சொல்வது கஷ்டம். வார்த்தைகள் பல்லுக்கு நடுவே அரைபட்டு வரும். அதனாலேயே அவை அதிகமாக வலிக்கும். சுவார்திகாவின் முகத்திலிருந்த அதட்டல் போய், கன்னத்தில் அறை வாங்கியவன் மாதிரி நின்றான். மறுத்துப் பேச வாயைத் திறந்தான்.

"அவன் இல்லைடி."

மூவரும் திரும்பினார்கள். பின் கதவில் சந்தாத் நின்றாள். இடுப்பில் சோறு வடிக்கும் பெரிய அலுமினியப் பாத்திரம்.

அப்பா இறந்ததிலிருந்து நியெபி அன்று அந்த வாயிலிருந்து ஒரு சொல்லும் வந்ததில்லை. ஜிர்னாகூடக் கைகளைக் கட்டிக்கொண்டான்.

"நான்தான் கொண்டு போனேன்." விரதத்தை உடைத்த குரல் கரகரவென்று இருந்தது. அவள் கிசுகிசுக்கவில்லை. சாதாரணமாகப் பேசினாள். அந்த அமைதியில் அது கூச்சல் மாதிரி கேட்டது. "ரெண்டு தடவை செத்துப் போச்சே, உள்ள ஏதோ உக்காந்திருக்குன்னு நெனச்சேன். எல்லா மூலையிலயும் காட்டினேன். மெத்தைக்கு அடியில உர்ருன்னு சத்தம் கேட்டுச்சு. அங்கதான் இருக்குன்னு அதுக்குக் கொஞ்சம் அதிகமாவே காட்டினேன்."

ரெசியானி கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மோட்டார் எப்போதும் வெளியேதான் இருக்கும். அதை உள்ளே வைத்தது அவள். அம்மாவிடம் சொல்லாமல் மெத்தை போட்டு மூடியது அவள்.

"காலையிலேயே சைகை காட்டியிருக்கலாமேம்மா."

"எப்படிக் காட்டறது? கொன்னவ நான்னு கையால எப்படிக் காட்டறது?"

சந்தாத் மணலில் இறங்கினாள். மகனை நோக்கி நேராக வந்தாள்.

"அம்மா, நீயுமா? வேணாம். உள்ள போ." சுவார்திகா கெஞ்சினான். "பாத்தவங்க பாத்துட்டாங்க. நான் தலைவர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். சொல்லலைன்னா என் பேர் கெடும்."

"சொல்லு. என் பேரை முதல்ல சொல்லு. காவலுக்கு நின்னது சந்தாத் மகன், தண்ணி மொண்டது சந்தாத்துன்னு சொல்லு. கெடுத்தவ நான். நான் மொண்டு ஊத்தாம வேற யாரு ஊத்துவா?"

"ஊரே சிரிக்கும்மா."

"உங்கப்பாவைக் கரையில கிடத்தினப்போ ஊர் அழுதுச்சு. அதனால அவருக்குக் கால் வந்துச்சா? உன் முட்டியை நான் பாக்கலைன்னு நெனச்சியா? ராத்திரி நீ படிக்கட்டுல உக்காந்து தேய்க்கறது எனக்குத் தெரியாதா?"

அவன் மடக்கிய முழங்காலை நேராக்கிக்கொண்டான். ஆனால் விலகவில்லை. அவர்கள்தான் அவனைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள், அம்மா இடப்பக்கமும் மகள் வலப்பக்கமும். ஜிர்னா எதிர்த் திசையில் இருந்த மலையை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தான்.

கரையோர நீர் கலங்கல். இடுப்பளவு வரை இறங்கினால்தான் தெளிவு. ரெசியானி பக்கெட்டை அமுக்கி நிரப்பினாள். சந்தாத் பாத்திரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். சுமந்து பழகிய கழுத்து. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

போனார்கள். வந்தார்கள். மறுபடி போனார்கள். மதில்களுக்கு மேலே தலைகள் முளைத்தன. "ஊருக்கே தீட்டு" என்று ஒரு பெண் குரல் முணுமுணுத்தது. ரெசியானி நின்று அந்தத் திசையைப் பார்த்தாள். தலை இறங்கிவிட்டது. அடுத்த நடைக்குப் பக்கத்து மதில் மேல் கவிழ்த்த ஒரு நீல டிரம் காத்திருந்தது. நன்றாகக் கழுவியது. வைத்தது யாரென்று தெரியவில்லை. அவள் கேட்கவுமில்லை, எடுத்துக்கொண்டாள்.

கொட்டகையில் வேலை மெதுவாகத்தான் நடக்க வேண்டும். கொண்டு வந்த நீரை மெல்லிய துணியில் வடிகட்டி, ஒல்லிக் குழாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். கெட்ட நீரை அடியிலிருந்து அதே வேகத்தில் உறிஞ்சி வெளியே விட்டாள். அவசரப்பட்டு ஊற்றினால் புகை செய்யாமல் விட்டதைத் தண்ணீர் செய்துவிடும். அம்மா துணியைப் பிடித்துக்கொண்டாள்.

வெயில் சாயும்போது தொட்டி கடல் வாசனை அடித்தது. குஞ்சுகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. மிச்சம் இருந்தவை மேலே வந்து வாய் பிளப்பதை நிறுத்திவிட்டு நடு நீரில் நின்றன. ரெசியானி இரைக் குடுவையைச் சாய்த்தாள். ஒரு குஞ்சு உடம்பை வளைத்துப் பாய்ந்தது. தின்றது. இன்னொன்று பாய்ந்தது.

"திங்குதா?" அம்மா கேட்டாள்.

"திங்குது."

மூலையில் ஒன்று தனியாக, சுவரை ஒட்டி நின்றது. ஏதோ குப்பை என்று நினைத்து வெள்ளைக் கிண்ணத்தால் அதை மொண்டாள். கிண்ணத்துக்குள் அது திரும்பியது. முதுகு ஓரமாக, பேனாவால் தொட்டு வைத்தது போல, நீலம்.

அவள் கிண்ணத்தை அம்மாவிடம் நீட்டினாள். சந்தாத் வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான்மா. நாளைக்கு முழுசா ஆகும். மத்ததும் ஆகும். விடிஞ்சதும் இரை போடணும், அதை விட்டா போச்சு."

விளக்கு ஏற்றாத ஊரில் பகல் கடைசி வெளிச்சத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. சுவார்திகா. அவன் காவல் முறை முடிந்துவிட்டது. கட்டம் போட்ட துணி மடித்துத் தோளில் கிடந்தது. கையில் ஒரு பெரிய பித்தளைப் பூட்டு. பம்புக் கொட்டகையில் தொங்கும் பூட்டு இல்லை. ஊர்க் கோயில் சாமான் அறைப் பூட்டு.

"சொல்லிட்டேன்," என்றான்.

"அம்மா பேரை முதல்லயா?"

"ஆமா. காலையில கூட்டம் போடறாங்க. அது முடியற வரைக்கும் கொட்டகையைப் பூட்டணுமாம். தீட்டுப் பட்ட இடமாம். யாரும் உள்ள போகக்கூடாது, நீயும்தான்."

"விடிஞ்சதும் இரை போடணும்."

"சொன்னேன். 'மீனுக்கு ஒரு வேளை பட்டினி ஒண்ணும் ஆகாது'ன்னாங்க." அவன் பூட்டைக் கை மாற்றினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எத்தனை மிச்சம்?"

"ஒண்ணு நீலமாயிருக்கு. பாக்கறியா?"

அவன் பார்வை கிண்ணத்தின் பக்கம் போய், பாதியிலேயே திரும்பியது. "பூட்டச் சொல்லித்தான் அனுப்பினாங்க. வெளிய வாங்க ரெண்டு பேரும்."

ரெசியானி கிண்ணத்தைத் தொட்டியில் சாய்த்துக் குஞ்சைப் போக விட்டாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். பிறகு தொட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவே, சிமெண்டுத் தரையில், காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"கரையில சொன்னேன்ல அண்ணா, நீ கொன்னேன்னு. அது தப்பு. அதுக்கு என்ன வேணா கேளு, செய்யறேன். ஆனா வெளிய வர மாட்டேன். யாரும் உள்ள போகக்கூடாதுன்னுதானே சொன்னாங்க? உள்ள இருக்கறவங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. பூட்டு. என்னையும் சேத்துப் பூட்டு."

"விளையாடாதே."

சந்தாத் சுவரோரம் கிடந்த பஞ்சு மெத்தையை இழுத்தாள். மகளுக்குப் பக்கத்தில் விரித்தாள். புகை நாற்றம் எழுந்தது. அதன் மேல் படுத்து, தலைக்குக் கையை வைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பசிக்கலை," என்றாள் மகனிடம். "விரதம்தான். கதவைச் சாத்திட்டுப் போ, கொசு வருது."

சுவார்திகா கதவை இழுத்தான். கடைசி வெளிச்சமும் போனது. மோட்டார் 'உர்ர்' என்று ஊதிக்கொண்டிருந்தது. தொட்டியில் குமிழிகள்.

நாதாங்கி விழுந்தது. பூட்டு கிளிக் என்றது.

ரெசியானி காதைத் தீட்டிக்கொண்டு, மணலில் இழுத்து இழுத்து நடக்கும் அவன் காலடி விலகிப் போகும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

அது வரவில்லை.